டோட்டல் வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை எனக்கு விற்றவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாரும் விற்றவனைத் திட்டித்தான் கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. திண்டிவனம் ஜாபர் பாய் என் முகத்தைப் பார்த்து, திரும்பத் திரும்ப உண்மையைத்தான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான்தான் சந்தோஷப்பட்டேன்.

நான் எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பாள் அக்கா.) அதற்கப்புறம் எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. ஓசூரில் பரோட்டா போட்டேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். போர்வெல் லாரியில் கிளீனராக ஏறி, ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றி, டிரைவராக இறங்கினேன். படுக்கை பெரும்பாலும் லாரிக்கு அடியில். சில காலம் ஒரு கட்டட வேலையில் சிமென்ட் மூட்டைகளின் மேல். சிமென்ட் மூட்டையில் ஒரே தொந்தரவுதான், வியர்வை பட்ட இடத்தில் தோல் இறுகிப்போகும். மற்றபடி நல்ல தூக்கம்.

இப்படியே நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. (பெண் வீட்டுக்காரர்கள் "பையன் எங்க இருக்காரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே சம்பந்தம் முறிந்துவிடும்.) சொந்தம் என்று இருப்பது ஒரே அக்கா, தனலட்சுமி. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கோதண்டம் மாமா கரும்பும் மல்லாட்டையும் போடுகிறவர். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர்.) நல்ல மனுஷன், ஆனால் நாக்கில் எப்போதும் உப்புக்காகிதம் இருக்கும்.

அவர்கள் வீட்டை ஒட்டி ரோட்டோரமாக ஓர் அறை உண்டு. தனிக் கதவு, தனி லைட்டு. மல்லாட்டை மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். சத்தீஸ்கரில் ஒரு தடவை காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது அந்த அறை ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அங்கே படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்ததும் ஃபோன் போட்டேன்.

"அக்கா, அந்த ரூம்ப எனக்கு வாடகைக்குக் குடுப்பாரா மாமா?"

அந்தப் பக்கம் அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமாவின் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது.

"யாரு, உன் தம்பிக்கா? அவன் எங்கனா ஒரு எடத்துல நின்னுருக்கானா? மல்லாட்ட மூட்டையாவது வச்ச எடத்துல இருக்கும். அவனுக்குக் குடுத்துட்டு மூட்டைய நான் தலையில வச்சிக்கினு திரியவா?"

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "டேய் ஏழுமலை, வெறுங்கையோட வந்து நிக்காத. இங்கியே ஒரு பொழப்பு இருக்குதுன்னு காட்டு. ஒரு வண்டிகிண்டி வாங்கு. நீதான் டிரைவராச்சே. வண்டி நின்னா நீயும் நிப்பன்னு சொல்லி அவர ஒத்துக்க வக்கிறேன்."

வண்டி நின்றால் நானும் நிற்பேன். அக்கா சொன்னது அப்படியே பலித்தது, வேறு விதத்தில்.

இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து திண்டிவனத்தில் இறங்கினேன். ஒரு கார் வாங்குவது, விழுப்புரம் ஜங்ஷனில் போட்டு ஓட்டுவது, பிறகு மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்வது, காணையில் அந்த அறையில் படுப்பது. திட்டம் அவ்வளவுதான்.

பைபாஸ் ஓரமாகத் தகரக் கூரை போட்ட இடம் ஜாபர் பாயுடையது. வரிசையாகப் பழைய கார்கள் நின்றிருந்தன. எல்லாம் என்னால் வாயைத் திறந்து விலை கேட்கக்கூட முடியாத கார்கள். கடைசியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் தனியாக, கொஞ்சம் கூச்சப்பட்டு ஒதுங்கின மாதிரி நின்றது. முன்பக்கம் பால் வெள்ளை, பின்பக்கம் மோர் வெள்ளை. விலையைக் கேட்டேன். காதை நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன்.

"இன்னா பாய், மத்ததெல்லாம் யானை வெல சொல்றீங்க, இது மட்டும் இவ்ளோ கம்மி?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இது டோட்டல் வண்டிங்க. அதான்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் இங்கிலீஷ் ஞானத்தைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பரோட்டாக் கடையில் படித்தது. பார்சல், ஆஃப், ஃபுல், டோட்டல். சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு "டோட்டல் எவ்ளோப்பா?" என்பார். பரோட்டா, சால்னா, ஆம்லெட், சோடா எல்லாம் சேர்ந்ததுதான் டோட்டல். ஒன்றும் விட்டுப்போகாமல் அத்தனையும் இருப்பது டோட்டல். அப்படியானால் டோட்டல் வண்டி?

"டோட்டல்னா ஸ்டெப்னி, பாட்டுப் பொட்டி எல்லாமா பாய்?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஸ்டெப்னி இருக்குது. பாட்டும் பாடும்."

"அப்ப எல்லாமே டோட்டல்தான்!"

"ஆமாங்க. இன்சூரன்ஸ்காரங்களே டோட்டல் போட்டுட்டாங்க."

"இன்சூரன்ஸும் டோட்டலா?" எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அவங்கதான மொதல்ல போடறது. அப்புறம்தான் நாங்க எடுத்து, கதவு, பானட்டு எல்லாம் மாத்தி ரெடி பண்ணோம். நம்மகிட்ட ஒளிவுமறைவு கெடையாது. டோட்டல்னு தெரிஞ்சு வாங்குங்க. நாளைக்கு வந்து பேஜாரு பண்ணக்கூடாது."

கதவு, பானட்டெல்லாம்கூட புதுசாகப் போட்டுத் தருகிறார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதான் பாய் வாங்கறேன். எனக்கு டோட்டல் வண்டிதான் வேணும். வேற வண்டி குடுத்தீங்கன்னாகூட எடுக்க மாட்டேன்."

பாய் நாற்காலியிலிருந்து எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இத்தினி வருசம் யாவாரம் பண்றேன். டோட்டல் வண்டிய டோட்டல்னு கேட்டு வாங்கற மொத ஆளு நீங்கதான்." அவர் கண் கலங்கியிருந்ததாக இப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. போர்வெல் லாரியோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினவனுக்கு வண்டி என்றால் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும் என்பதுதான் தெரியும். இழுக்காத வண்டியைக் கொடுத்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பத்திரமெல்லாம் முடிந்து ஒரு நாள் மத்தியானம் வண்டியை எடுத்தேன். என் சொத்து மொத்தமும் ஒரே பையில் இருந்தது. அதைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. ஓரங்கட்டி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தேன். பையின் கனத்தை ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்கிறது. பையைப் பின்னால் தூக்கிப் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக ஒரு மெஷினாவது நினைக்கிறதே. பைக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். வண்டி அமைதியானது. நாங்கள் இருவரும் போனோம்.

ஊருக்கு வெளியே ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு, காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா டிரைவரு, உன் வண்டி இன்னா நண்டாட்டம் ஒருக்களிச்சிக்கினு வருது?"

"புது வண்டிம்மா."

"ஓகோ, புது நண்டா?"

கடையே சிரித்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன். நண்டைப் பற்றி மரக்காணத்துக்காரியைவிட யாருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார் வாங்கினால் யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருக்கும். அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபோனை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 'ஓசூர் கடை', 'லாரி ஓனர் பழசு', 'லாரி ஓனர் புதுசு', 'ராய்ப்பூர் பஞ்சர்'. பஞ்சர் கடைக்காரனுக்குப் போட்டேன். அவன் எடுக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் கண்ணாடிக் கூண்டில் இருந்த பெண்ணிடம், "டோட்டல் வண்டிம்மா, இன்னிக்குத்தான் எடுத்தேன்" என்றேன். "ஃபாஸ்டாக் இருக்காண்ணா?" என்றது அந்தப் பெண். அது ஒரு பேச்சு. பின்னால் ஹாரன் அடிக்கும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

காணையில் அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். அக்கா மகள் பவித்ரா விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள். வண்டியின் எல்லாப் பக்கத்திலும் சாய்ந்து நின்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். கோதண்டம் மாமா மட்டும் மாடு பிடிக்க வந்தவர் மாதிரி வண்டியைச் சுற்றி வந்தார். டயரை ஓர் உதை விட்டார்.

"இன்னா மச்சான், ரெண்டு கலர்ல கீது?"

"டோட்டல் வண்டி மாமா."

"அப்படின்னா?"

"எல்லாம் சேர்த்துங்க மாமா. இன்சூரன்ஸே டோட்டல் போட்டது."

அவருக்கும் பரோட்டாக் கடை இங்கிலீஷ்தான். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு வழியாகச் சொன்னார். "சரி. வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் பூஜை போட்டுட்டு வந்துடலாம். அம்மா ஏத்துக்கினான்னா, வந்த கையோட ரூம்பு சாவிய வாங்கிக்க."

அன்று சாயந்திரமே அவர் ஆள் வைத்துப் பாதி மூட்டையை வெளியே எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன். அந்த மனுஷன் சொன்ன சொல்லைவிட அந்த மூட்டைகள் இடம் மாறியதுதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

அமாவாசை வரைக்கும் காரிலேயே சீட்டைச் சாய்த்துப் போட்டுப் படுத்தேன். வீட்டுக்குள் படுக்கச் சொன்னாள் அக்கா. எனக்குத்தான் கூச்சம். விடிந்ததும் கண்ணாடியைத் தட்டுவாள், கையில் காபி டம்ளர் இருக்கும். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் கண்ணாடியைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். எல்லாம் "வண்டிய எடு" என்று சொல்வதற்குத்தான். காபி கொடுக்க யாரும் தட்டியதில்லை. முதல் நாள் அவள் தட்டியபோது பழக்க தோஷத்தில் சாவியைத் திருகி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன். அக்கா டம்ளரோடு குதித்து ஒதுங்கினாள்.

அமாவாசை அன்று ராத்திரி மேல்மலையனூரில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் காலையிலேயே கிளம்பினோம். பின்னால் மாமாவும் பவித்ராவும். முன்னால் என் பை இருந்த இடத்தில் அக்கா. அவளுக்கு பெல்ட் போடத் தெரியவில்லை. நான்தான் இழுத்து மாட்டிவிட்டேன். கொக்கி கொஞ்சம் முரண்டு பிடித்தது, அழுத்தினதும் டக்கென்று இறங்கியது.

"இன்னாடா, கட்டிப் போட்டுட்ட?" என்று சிரித்தாள்.

"ஓடிப்போவக் கூடாதுன்னுதான்" என்றேன்.

"ஓடிப்போறவன் நீ. உனக்குத்தாண்டா கட்டணும்."

செஞ்சி தாண்டிப் போகும்போது மாமா பின்னாலிருந்து, "மச்சான், ரோடு நேரா போவுது, நாம ஏன் வயல பாத்துக்கினு போறோம்?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கும் மாமா என்றேன். அந்த அளவுக்கு நான் நிறைவாக இருந்தேன்.

கோயில் பக்கத்தில் பூஜைக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு வேன். எங்கள் முறை வந்ததும் பூசாரி சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் சுற்றினார். பூசணிக்காய் உடைந்தது. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"அம்மாவ நெனச்சிக்கினு மெதுவா எடுப்பா."

எடுத்தேன். சட், சட், சட்.

நாலாவது சட் வரவில்லை. பின்னால் இடது சக்கரத்தடியில் இருந்த பழம், சோப்புக்கட்டி கையிலிருந்து நழுவுவது மாதிரி வெளியே வழுக்கிக்கொண்டு உருண்டு போய், கோதண்டம் மாமாவின் காலடியில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

"பரவால்ல, பின்னால எடுத்துட்டு மறுபடி வா" என்றார் பூசாரி. பழத்தை எடுத்து அதே சக்கரத்துக்கு வைத்தார். மறுபடியும் வந்தேன். மறுபடியும் பழம் உருண்டு போய் மாமாவின் காலடியிலேயே நின்றது. இத்தனைக்கும் மாமா இந்தத் தடவை இடம் மாறி நின்றிருந்தார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. "அம்மா வேணாங்கறா" என்று யாரோ ஒரு பெண்பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. அக்கா கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அந்த ஒரு பழம் நசுங்கினால் எனக்கு அறை. நசுங்காவிட்டால் மல்லாட்டை மூட்டைகள் திரும்ப உள்ளே போய்விடும். மூன்றாவது தடவை பழத்தை நானே இறங்கி, சக்கரத்துக்கு நட்ட நடுவில், ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி வைத்தேன். ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை விட்டேன். பழம் இந்தத் தடவை தெறித்துப் போய்ப் பூசாரியின் தட்டில் விழுந்தது.

பூசாரி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "சக்கரம் சாஞ்சிக்கினு கீது. பழத்து மேல ஏறல, உராசிக்கினு போவுது. இன்னா வண்டிப்பா இது?"

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"டோட்டல் வண்டிங்க!"

பின்னால் நின்ற வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "டோட்டலா? தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"தெரிஞ்சுதான். கேட்டு வாங்கினேன்."

"ஃபேமிலிய ஏத்திக்கினு டோட்டல் லாஸ் வண்டியிலயா வந்தீங்க?"

"லாஸா?"

அந்த வார்த்தைக்கு ஒரு வால் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேன்காரர் இறங்கி வந்து நிதானமாகச் சொன்னார். பெரிய அடி பட்ட வண்டி. இதைச் சரி பண்ணுவது வீண் செலவு, இது முடிந்துபோன வண்டி என்று இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். அதற்குப் பேர்தான் டோட்டல் போடுவது. அதை யாரோ வாங்கித் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அடிச்சட்டம் வளைந்தது வளைந்ததுதான்.

நான் ஜாபர் பாய் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வாலோடு சேர்த்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகப் பொருந்தியது. என்னைத் தவிர.

மாமா தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "தனம், வா. பஸ்ல போலாம்."

"நீங்க பவித்ராவ இட்டுக்கினு பஸ்ல வாங்க. நான் என் தம்பி கூட வர்றேன்" என்றாள் அக்கா.

"அது டோட்டல் லாஸ் வண்டிடி."

"இருந்துட்டுப் போவட்டும்."

போய் முன் சீட்டில் உட்கார்ந்து, தானாகவே பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் அமுக்கினாள். இறங்கச் சொன்னேன். கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இருபதுக்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கழுத்தில் மாலையோடு அந்த வண்டி வயலைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் நகர்ந்தது. ரொம்ப நேரம் கழித்து அக்கா கேட்டாள்.

"போயிடுவியாடா?"

ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பதில் கவனமாக இருப்பவன் மாதிரி நடித்தேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் வந்தது வேகத்தடை. ரொம்பச் சின்னது, கோழிக்குஞ்சுகூடத் தாண்டிவிடும். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது. இறங்கவில்லை. டமார் என்று ஒரு சத்தம். இடது பின் சக்கரம் வண்டிக்குள் மடங்கிப்போக, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

நான் குதித்து இறங்கிச் சுற்றிப்போய் அக்கா பக்கத்துக் கதவை இழுத்தேன். வரவில்லை. பெல்ட் கொக்கியை என் பக்கத்திலிருந்து அமுக்கினேன். அதுவும் வரவில்லை. காலையில் முரண்டு பிடித்த கொக்கி, இப்போது விடமாட்டேன் என்றது. அக்கா சாய்ந்த சீட்டில், மடியில் பிரசாதத்தோடு, கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"டேய், இதான் எல்லாம் சேர்த்தா?" என்றாள்.

பக்கத்து வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அரிவாளோடு ஓடிவந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. "இன்னாம்மா இது, கட்டிப் போட்டு இட்டுக்கினு போறானா?"

"என் தம்பிதாம்மா."

"தம்பின்னா? ஜல்தி தள்ளுப்பா." அந்த அம்மா டிரைவர் சீட்டில் முட்டிபோட்டு ஏறி, பெல்ட்டை இடது கையில் பிடித்து, அக்காவின் வயிற்றுக்கு மேல் அரிவாளைக் கொண்டுபோனது.

சரியாக அந்த நேரத்தில் எங்கள் பின்னால் பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் கோதண்டம் மாமா. அவர் கண்ணில் பட்டது இதுதான்: சாய்ந்துபோன வண்டி, கையைப் பிசைந்துகொண்டு ரோட்டில் நான், உள்ளே தன் பெண்டாட்டி மேல் அரிவாளோடு குனிந்திருக்கும் ஒருத்தி.

பஸ் நிற்பதற்கு முன்னாலேயே அவர் குதித்துவிட்டார். "ஏய்! ஏய்! எவடி அவ!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு செருப்பு பஸ் படியிலேயே நின்றுவிட்டது. அவர் வந்து சேர்வதற்கும் பெல்ட் அறுந்து அக்கா விடுபடுவதற்கும் சரியாக இருந்தது. அந்த அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்தாப்பா, உன் பொண்டாட்டி. நல்லாத்தான் கீறாங்க" என்று சொல்லிவிட்டுப் புல் கட்டைப் பார்க்கப் போய்விட்டது.

மாமா அக்காவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வண்டியைப் பார்த்தார். அதன் கழுத்து மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மச்சான், டோட்டல்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிற்க முடியாமல் அந்த வேகத்தடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு அவரும் இறங்கி வந்து சிரித்தார். நாலு பேரும் அதே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம்.

அறைச் சாவியைப் பற்றி மாமா அப்புறம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே கிடந்த மூட்டைகள் மழைக்கு முன்னால் உள்ளே போயின. தூக்கிப் போட நானும் ஒரு கை கொடுத்தேன். ஜாபர் பாய்க்கு ஃபோன் போட்டேன்.

"பாய், டோட்டல்னு சொன்னீங்க. லாஸுன்னு சொல்லவே இல்லியே?"

"அண்ணே, டோட்டல்னாலே லாஸுதாண்ணே. அத வேற நான் தனியா சொல்லணுமா? கேட்டு வாங்கினீங்களேண்ணே!" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்தப் பக்கம் வந்தால் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டி கோலியனூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனது. அக்காவின் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை, ஒரு காலையில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறிச் சொன்னேன். பை மடியில் இருந்தது. பக்கத்து சீட்டில் ஒருத்தர் ஏறினதிலிருந்து தூங்கினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் 'டோட்டல்' என்பது ஒரு சொல்லாகிவிட்டது. பால் பொங்கிப் போனால் டோட்டல். கரும்பு மழையில் சாய்ந்தால் டோட்டல். பவித்ரா ஒரு தடவை ஃபோன் செய்து, "மாமா, அக்கவுண்ட்ஸ் பேப்பர் டோட்டல்" என்றாள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "இவர்தான் டோட்டல் மாமா" என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர்கள் எல்லாருக்கும் கதை முன்னாலேயே தெரிந்திருந்தது. ஊரில் நான் இல்லாத நாளெல்லாம் அந்தக் கதை அங்கே சாப்பிட்டு, சிரித்து, எழுந்து போயிருக்கிறது.

வண்டி போனதற்கு அடுத்து வந்த பொங்கலுக்கு நான் போனபோது, மாமா ரோட்டோர அறையைத் திறந்து காட்டினார். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில், ஜன்னல் பக்கமாக, இரண்டு மரக்கட்டை மேல் அந்தக் காரின் முன் சீட்டு. அக்கா உட்கார்ந்திருந்த சீட்டு, அதற்கு முன்னால் என் பை உட்கார்ந்திருந்த சீட்டு. இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் மாமாவே கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்.

"எப்பனா வந்தா உக்கார ஒரு எடம் வேணும்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இப்போதும் எப்போதாவது போகிறேன். வேறு யாரும் அதில் உட்கார்வதில்லையாம். நான் போய் உட்கார்ந்ததும் யாராவது ஒருத்தர், இப்போதெல்லாம் பவித்ராவின் மகள், மறக்காமல் சொல்லிவிடுவாள். "தாத்தா, பெல்ட்டு!" உடனே எல்லாரும் சிரிப்பார்கள். கொக்கியில் அன்றைக்குச் சிக்கின துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது, அரிவாள் பட்ட இடத்தில் நூல் பிரிந்து, ஒரு சாண் நீளத்துக்கு. என் தொப்புள் வரைக்கும்கூட வராது. அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர வேண்டிய மிச்சம் கோலியனூரோடு போய்விட்டது. எல்லாரும் பார்க்கும்படி அந்தத் துண்டை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்வேன். அவர்கள் சிரித்து முடித்து, சமையலைப் பார்க்கவும் மாட்டைப் பார்க்கவும் போய்விடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.